உப்புக்கரையில் நின்றவர்கள்

பழவேற்காட்டுக் கோட்டைக்குள் என்னை யாருக்கும் பிடிக்காது. உலாந்தாக்காரர்களுக்கு, அந்த ஒல்லாந்து தேசத்து வெள்ளைக்காரர்களுக்கு, நான் இந்த மண்ணின் ஆள், எந்நேரமும் கட்சி மாறக்கூடியவன். ஊர்க்காரர்களுக்கு நான் உலாந்தாக்காரர்களின் வாய். கோட்டைத் தலைவரைக் கப்பித்தான் என்போம். அவர் துணிக்குச் சாயம் போடுகிறவன் ஒருவனைத் திட்டினால் அந்தத் திட்டு என் வாய் வழியாகத்தான் அவன் காதில் விழும். திட்டியவரை அவன் மறந்துவிடுவான், என்னை மறக்கமாட்டான். மொழி மாற்றிச் சொல்கிற துபாசி வேலை என்றால் அப்படித்தான் என்று நானும் எல்லோரையும் முறைத்தபடியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் காட்டூர். நெல் விளைவிக்கிற குடும்பம். இளவயதில் மயிலாப்பூரில் ஒரு பறங்கி வியாபாரியின், அதாவது போர்த்துக்கீசியரின், கிடங்கில் நெல் அளக்கும் வேலைக்குப் போய், அங்கேயே பறங்கி மொழியைக் கற்றுக்கொண்டேன். பிறகு உலாந்தாக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய சொந்த மொழி எனக்குத் தெரியாது. ஆனால் கடல் வியாபாரத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்குமே பறங்கி மொழி கொஞ்சம் வரும். அது போதும் என்று என்னை வைத்துக்கொண்டார்கள். அந்த வேலையில் சேர்ந்த அன்றே அண்ணன் என்னை வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். "மாட்டைத் தின்றவன் கூட ஒக்காந்து எழுந்துட்டு இங்க வந்து இன்னா பண்ணப்போறே" என்று கேட்டார். அப்பாவை நைனா என்போம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதனால் நானும் என் மனைவியும் கோட்டைக்கு வெளியே சாயக்காரத் தெருவில் குடியிருந்தோம்.

மேற்கே இருந்த நிலமெல்லாம் ஒரு பாளையக்காரரின் ஆளுகையில் இருந்தது. உலாந்தாக்காரர்கள் தனக்குச் செய்த மரியாதை போதாது என்று அவருக்குக் கோபம். உலாந்தாக்காரர்களுக்கு வியாபாரத்தில் எதிரிகளான மயிலாப்பூர்ப் பறங்கிகள் அந்தக் கோபத்தை ஊதிவிட்டார்கள். வெடிமருந்து கொடுத்தார்கள், கடலில் தங்கள் கப்பல்களை நிறுத்தினார்கள். ஐப்பசி பிறந்த சமயத்தில் ஒரு காலையில் பாளையக்காரரின் படை வந்து பாதையை அடைத்தது. சாயக்காரத் தெருவில் பாதிப்பேர் தோணி ஏறி ஏரித் தீவுகளுக்கு ஓடினார்கள். மீதிப்பேர், உலாந்தாக்காரர்களுக்காகத் துணியில் சாயத்தால் பூ எழுதுகிறவர்கள் என்று அடையாளம் தெரிந்தவர்கள், கோட்டைக்குள் ஓடினோம். எங்களுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

முற்றுகை என்றால் வெளியே இருக்கிற பகைவனோடு சண்டை போடுவது என்று நினைப்பார்கள். நாங்கள் அதிகமும் சண்டை போட்டது உள்ளே இருந்தவர்களோடுதான். அரிசி முதலில் சிப்பாய்களுக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு என்று கப்பித்தான் உத்தரவு போட்டார். அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னது நான். அன்று கிணற்றடியில் ஒரு சாயக்காரரின் மனைவி என் மனைவியின் குடத்தைத் தள்ளிவிட்டாள்.

"உள்ள வாங்க, உள்ள வாங்கன்னு கூப்ட்டது உன் புருஷன்தானே. இப்போ எம் புள்ளைங்களுக்குக் கஞ்சி இல்லைன்றதும் அவனே" என்றாள்.

என் மனைவி விழுந்த குடத்தை எடுத்து அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு இருவரும் கூந்தலைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். சிப்பாய்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். பிரித்துவிடப் போன என்னை இரண்டு பெண்களுமே சேர்ந்து தள்ளினார்கள்.

கிழக்குப் பக்கம் ஏரி திறந்திருந்ததால்தான் உயிரோடு இருந்தோம். ஏரித் தீவான பசியாவரத்திலிருந்து மீனவர் தோணிகள் கோட்டையின் நீர்வாசல் வரைக்கும் வந்து இறாலும் நண்டும் மடவை மீனும் கொடுத்துவிட்டுத் துணி வாங்கிக்கொண்டு போகும். இது தெரிந்ததும் பாளையக்காரரின் ஆட்கள் கரையில் காயப்போட்டிருந்த வலைகளைக் கொளுத்தினார்கள். அதன்பிறகு தோணிகள் குறைந்தன. கையால் தடவி இறால் பிடிக்கிற பெண் ஒருத்தி மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தாள். வலை இல்லாதவளிடம் கொளுத்த என்ன இருக்கிறது என்பாள். கழுத்தளவு தண்ணீரில் நடந்தே வந்து, இறால் போடுகிற பனையோலைப் பறியை வாயில் கவ்வியபடி நீர்வாசல் படியில் ஏறுவாள். அவளுக்கு என்னைப் பிடிக்காது. என் மனைவியோடு மட்டும் பேசுவாள்.

இந்தச் சமயத்தில்தான் பீரங்கிக்காரனின் கதை எங்கள் தலையில் ஏறியது.

அவன் கிழவன். ஒரு கன்னம் முழுக்க வெடிமருந்து தீய்த்துக் கறுத்திருக்கும். மேற்கு மூலைக் கொத்தளத்தில் இருந்த பீரங்கி அவன் பொறுப்பு. அவனுக்கு எங்கள் யாரையும் மனிதராகக் கணக்கில் எடுக்கிற வழக்கம் இல்லை. சாயக்காரர்கள் சோர்ந்துபோய், கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கப்பித்தானிடம் கேட்கலாம் என்று கூடிப் பேச ஆரம்பித்தபோது, கப்பித்தான் அவர்களை ஓரிடத்தில் உட்காரவைத்து இந்தக் கிழவனை எதிரில் நிறுத்தினார். அவன் பறங்கி மொழியில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்ல வேண்டும்.

அவன் சொன்னது அவனுடைய ஊரின் கதை. அவன் சிறுவனாக இருந்தபோது, இதே பறங்கிகளுக்கும் ராஜாவான இஸ்பானிய ராஜாவின் படை அவன் ஊரைச் சூழ்ந்துகொண்டதாம். ஊர் சின்னது, மதில் பழையது. ஆனாலும் திறக்கவில்லை. பெண்கள் கல் சுமந்து மதிலை உயர்த்தினார்கள். ஏணி வைத்து ஏறியவர்கள் மேல் கப்பல் பலகைக்குப் பூசுகிற கீலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார்கள். குதிரை, நாய், எலி எல்லாம் தீர்ந்தபிறகு தோலை வேகவைத்துத் தின்றார்கள். அவனுடைய அம்மா தன் பங்கை அவனுக்குக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனாள். கதவைத் திறந்துவிடு என்று கூட்டம் போய் ஊர்த்தலைவரைச் சூழ்ந்துகொண்டது. முதலில் என்னைக் கொன்றுபோட்டுவிட்டுத் திறந்துகொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். கடைசியில், கடல் உள்ளே வராமல் தடுத்து நின்ற கரைகளை அவர்கள் பக்கத்து ஆட்களே வெட்டிவிட்டார்கள். காற்று கடலை உள்ளே தள்ளியது. நிலமெல்லாம் தண்ணீர். ராஜாவின் படை இடுப்பளவு சேற்றில் விழுந்து ஓடியது. வயலுக்கு மேலே படகு மிதந்து வந்து ஊருக்கு ரொட்டி கொடுத்தது.

"அதே ராஜாவின் ஆட்கள்தான் இப்போது கடலில் நிற்கிறார்கள்" என்று முடித்தான். "அன்று நாங்கள் திறக்கவில்லை. இன்றும் திறக்கமாட்டோம்."

முழுவதையும் தமிழில் சொன்னேன். அவனுடைய அம்மா செத்த இடத்தை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்தேன். சாயக்காரர்களில் மூத்தவர் எழுந்தார். பல நாள் பட்டினி, பக்கத்திலிருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஊர்ல அவங்க அவங்க ஊருக்காகப் பட்டினி கெடந்தாங்க. நாங்க இன்னாத்துக்கு, யாருக்காகக் கெடக்கணும்னு இவனைக் கேளு" என்றார்.

கேட்டேன். பீரங்கிக்காரனின் முகம் சிவந்தது.

"எங்களிடம் துணியைக் கொடுத்து அரிசி வாங்கித் தின்றபோது யாருக்காக என்று கேட்டானா என்று அவனைக் கேள்" என்றான்.

அதையும் சொன்னேன். மூத்தவர் காறித் துப்பினார். என்னைப் பார்த்துத்தான் துப்பினார்.

சில நாள் கழித்துப் பீரங்கிக்காரன் என்னைக் கொத்தளத்துக்குக் கூப்பிட்டான். கப்பித்தானும் அங்கே இருந்தார். கிழவன் மேற்கே கை நீட்டினான். பாளையக்காரரின் கூடாரங்கள் அறுவடை முடிந்த தாழ்ந்த வயல்களில் இருந்தன. வயல்களுக்கும் ஏரிக்கும் நடுவே நீளமாக ஒரு மண்கரை போகிறது. காட்டூர்க்காரர்கள் அதை உப்புக்கரை என்பார்கள். வாடைக்காற்றில் ஏரி பொங்கும்போது உப்புத் தண்ணீர் வயலுக்குள் வராமல் தடுப்பது அதுதான். ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில் வீட்டுக்கு ஒரு ஆள் போய் அதில் மண் போட வேண்டும். நானும் போட்டிருக்கிறேன்.

"அந்தக் கரையில் மெலிந்த இடம் எது?" என்று கப்பித்தான் கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கிழவன் தன் ஊரைக் கொண்டுவந்து எங்கள் வயலில் வைக்கப் பார்க்கிறான்.

நான் கப்பித்தானுக்குப் பதில் சொல்லாமல் கிழவனைக் கேட்டேன். "உங்கள் ஊரில் கரையை வெட்டினீர்களே, அந்த நிலமெல்லாம் யாருடையது?"

"உழவர்களுடையது."

"அவர்கள் என்ன ஆனார்கள்?"

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். "எனக்கு எப்படித் தெரியும்? நான் சிறுவன். ரொட்டி வந்தது, தின்றோம்."

"பிறகாவது யாரும் கேட்கவில்லையா?"

"நீ மொழி சொல்ல வந்தவன். கேள்வி கேட்க வந்தவன் இல்லை" என்றான். ஆனால் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கப்பித்தான் மறுபடியும் மெலிந்த இடத்தைக் கேட்டார். தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு அப்போது இருந்த ஆத்திரத்தில் அது தோன்றவில்லை. "தெரியும். சொல்லமாட்டேன். அது என் அண்ணனின் நிலம், என் நைனாவின் நிலம். ஒருமுறை உப்பேறினால் பல வருஷத்துக்கு அங்கே புல்கூட முளைக்காது" என்றேன்.

கப்பித்தான் கோபப்படவில்லை. கணக்கு முடித்தவர் மாதிரித் தலையாட்டினார். மெலிந்த இடத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்களாம். தோணிக்காரர்களுக்கும் மண் வெட்டுகிறவர்களுக்கும் உத்தரவு சொல்ல நான் மட்டும் கூட வர வேண்டுமாம். வர மறுத்தால் என் மனைவியைக் கதவுக்கு வெளியே விட்டுவிடுவார்களாம். வெளியே என்றால் பாளையக்காரரின் ஆட்கள்.

கீழே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஓலைப்பாயில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணன் நம்மளை வாசல்ல நிக்க வெச்சே அனுப்பினவருதான். அந்தக் கோவம் எனக்கும் கீது. அதுக்காக நெலத்துல உப்பு உடுவாங்களா?" என்றாள்.

"நானா விடுகிறேன்?" என்றேன்.

"நீங்க போற தோணிதானே" என்றாள். பாயை மறுபக்கம் இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை நீர்வாசலில் அந்த இறால்காரப் பெண்ணோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

தோணிக்குப் பசியாவரத்து ஆட்களையே பிடித்தார்கள். அரிசி தருவதாகச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் அரிசிக்காக மட்டும் அவர்கள் வரவில்லை. காட்டூர்க்காரர்களோடு அவர்களுக்குப் பழைய பகை இருந்தது. உப்புக்கரையை உயர்த்தியபோது இறால் ஏறி வருகிற ஓடை ஒன்று அடைபட்டுப்போனது. கேட்கப் போனவர்களை எங்கள் ஆட்கள் விரட்டி அடித்தார்கள். அந்த விரட்டலில் நானும் இருந்தேன்.

"கரைமேல காலை வெச்சாலே மண்வெட்டியைத் தூக்கினு வருவாங்க உங்க ஆளுங்க" என்று தோணிக்காரர்களுக்குத் தலைவனாக இருந்தவன் என்னிடம் சொன்னான். "இன்னைக்கு வெட்டறதுக்கு எங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லை, ஐயா."

ஏரி பொங்குகிற பௌர்ணமியை ஒட்டி, விடியும் நேரத்துக்குத் தோணிகள் கிளம்பின. வாடை பலமாக வீசியது. முதல் தோணியில் பீரங்கிக்காரன், துப்பாக்கிச் சிப்பாய்கள், நான். துப்பாக்கியைப் பற்றவைக்கிற கனலும் திரி நனையாமல் சிப்பாய்கள் அதைத் தொப்பிக்கடியில் வைத்திருந்தார்கள். பின்னால் வந்த தோணிகளில் மண்வெட்டிகள். வெளிச்சம் வர வரக் கரை தெரிந்தது. கரையின் மேல் வேலி மாதிரி ஏதோ நீளமாகத் தெரிந்தது. இன்னும் கிட்டே போனபிறகுதான் அது வேலி இல்லை, ஆட்கள் என்று புரிந்தது.

காட்டூரே வந்து நின்றது. ஆண்கள், பெண்கள், தோளோடு தோள் ஒட்டி, நாங்கள் தேர்ந்தெடுத்த மெலிந்த இடத்தின் மேல் நின்றார்கள். சிலர் கையில் மண்வெட்டி, சிலர் கையில் மாட்டுக்குச்சி. பெரும்பாலானவர்கள் கையில் ஒன்றும் இல்லை. நடுவில் அண்ணன். அப்போதுதான் இறால்காரப் பெண்ணோடு என் மனைவி பேசிக்கொண்டிருந்தது எதற்கு என்று எனக்கு விளங்கியது.

கிழவனுக்கும் அது விளங்கியது. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீ சொல்லி அனுப்பினாயா?" என்றான்.

"இல்லை" என்றேன். அது உண்மை. அவன் நம்பவில்லை.

"விலகச் சொல். இல்லையென்றால் சுடுவோம் என்று சொல்."

எழுந்து நின்றேன். தோணி ஆடியது. "விலகிடுங்க. இல்லன்னா சுடுவோம்னு சொல்றாங்க" என்று கத்தினேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். எவ்வளவோ காலம் கழித்து அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான்.

"சொல்றாங்களா, நீ சொல்றியா?" என்று கேட்டார்.

"அவங்க சொல்றாங்கண்ணா."

"அப்போ அவங்களையே சுடச் சொல்லு. நீ ஏன் நடுவுல எழுந்து நிக்கறே?"

கரைக்குப் பின்னால் பாளையக்காரரின் கூடாரங்களில் சமையல் புகை எழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்து யாரும் வரவில்லை. "பாளையத்து ஆளுங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். மொழி சொல்வது போலவே கேட்டேன்.

"அவனுங்ககிட்ட இன்னாத்துக்குச் சொல்லணும்? சொன்னா குதிரையைக் கரைமேல ஏத்துவானுங்க. அவனுங்க வைக்கோலைத் தின்னு தீத்துட்டானுங்க, நீங்க மண்ணைத் தின்ன வந்தீங்க" என்றார் அண்ணன். "இது எங்க கரை. நாங்க நிக்கறோம்."

கிழவன் என்ன பேச்சு என்று கேட்டான். "விலகமாட்டார்களாம்" என்றேன். அவன் சிப்பாய்களுக்குக் கை காட்டினான். திரிகளை ஊதி நெருப்பேற்றினார்கள். தோணியைக் கரையோடு ஒட்டச் சொல்லு என்று என் விலாவில் இடித்தான்.

நான் தோணிக்காரர்கள் பக்கம் திரும்பினேன். "கழியை ஊனுங்க. தோணியைத் திருப்புங்க" என்றேன்.

தலைவனாக இருந்தவன் நான் சொல்வதற்கு முன்பே கழியை மாற்றி ஊன்றிவிட்டான். அதை எழுதிவைக்க வேண்டும். என்னால் திரும்பியது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. "மண்ணு வெட்டத்தான் கூப்ட்டீங்க. ஆளை வெட்டணும்னு சொல்லல" என்று அவன் என்னிடம், நான் ஏதோ அதற்கு எதிர்ப்பேச்சு பேசியது போல, சீறினான். தோணி மூக்கைத் திருப்பியது. பின்னால் வந்தவர்களும் கழியை நிறுத்திவிட்டார்கள்.

தோணி திரும்பும்போதே ஒரு சிப்பாயின் துப்பாக்கி வெடித்தது. சுடச் சொல்லிக் கிழவன் வாய்திறந்து சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் நின்ற இடம் காலியானது. இரண்டு பக்கத்திலிருந்தவர்களும் நெருங்கி அந்த இடத்தை அடைத்தார்கள். அவர்கள் கால்களுக்கு நடுவே அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஒருவர்கூடக் கரையைவிட்டு இறங்கவில்லை.

நான் என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. கிழவனின் துப்பாக்கிக்கட்டை என் வாயில் இறங்கியது. தோணியின் அடியில் இருந்த தண்ணீரில் என் முன்பற்கள் கிடந்ததைப் பார்த்தது நினைவிருக்கிறது.

வெடிச்சத்தம் கேட்டுப் பாளையத்துக் குதிரைக்காரர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் தோணிகள் ஏரிக்குள் ஓடின. கரையில் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பிறகு கேள்விப்பட்டேன். கோட்டைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று சவுக்கால் அடித்து அவர்களைக் கீழே இறக்கினார்கள். அண்ணன் பயந்த மாதிரியே கரைமேல் காவல் போட்டார்கள். ஆனால் கரை வெட்டுப்படவில்லை.

கோட்டையில் என் காலில் விலங்கு போட்டு வெடிமருந்துக் கிடங்குக்குப் பக்கத்து அறையில் அடைத்தார்கள். பகலில் கதவைத் திறந்து வைப்பார்கள். மனைவி கஞ்சியைக் கொண்டுவந்து ஊட்டுவாள், வாய் வீங்கிக் கிடந்ததால். ஒருநாள் அவள் கப்பித்தானிடமே நேராகப் போய், சொல்லி அனுப்பியது தான்தான் என்று தமிழில் சொன்னாளாம். அவருக்குப் புரியவில்லை. அதை அவருக்கு எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான், விலங்கில் கிடந்தேன். அவள் திரும்பி வந்து அதை என்னிடம் சொன்னபோது இருவருக்கும் சிரிப்பு வந்தது. அந்த முற்றுகையில் நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

கிழவன் ஒருமுறை வந்தான். வாசலில் நின்றான்.

"எங்கள் ஊரில் உன்னைப் போல ஒருவன் இருந்திருந்தால் மதிலில் தொங்கவிட்டிருப்போம்" என்றான்.

"உங்கள் ஊர் மதிலில் நின்றவர்களைப் போலத்தான் அவர்களும் கரையில் நின்றார்கள்" என்றேன். பல் இல்லாத வாயில் வார்த்தை சரியாக வரவில்லை.

புரிந்ததா இல்லையா தெரியவில்லை. என் காலருகே இருந்த கஞ்சிச் சட்டியை எட்டி உதைத்துவிட்டுப் போனான்.

முற்றுகை வீரத்தில் முடியவில்லை. பாளையக்காரருக்கு வேறொரு பாளையத்தோடு தகராறு வந்து, படை அங்கே தேவைப்பட்டது. பறங்கிக் கப்பல்களும் காற்றுக்குப் பயந்து மயிலாப்பூருக்கே போய்விட்டன. சமாதானம் பேசப் பாளையக்காரரின் படைத்தலைவரான தளவாய் வந்தார். பேசுவதற்கு ஆள் வேண்டுமே. என் விலங்கைக் கழற்றி, முகம் கழுவச் சொல்லி, கூடாரத்துக்குக் கூட்டிப்போனார்கள். கப்பித்தான் சில கட்டுத் துணியும் இரண்டு பீரங்கியும் கொடுப்பதாகச் சொன்னார். அதில் ஒன்று கிழவனின் பீரங்கி. தளவாய் என் வாயைப் பார்த்து, "உன் எஜமானருங்க உன்னை நல்லா கவனிச்சிருக்காங்க போல" என்றார். கப்பித்தான், என்ன சொல்கிறார் என்று கேட்டார். "உங்கள் உபசாரத்தைப் புகழ்கிறார்" என்றேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அவ்வளவு பட்டினிக்கும் சாவுக்கும் பிறகு, ஆரம்பத்திலேயே செய்திருக்கக்கூடிய ஒரு வேலை.

சாயக்காரத் தெருவில் பாதி வீடுகள் எரிந்து கிடந்தன. மூத்த சாயக்காரர் முற்றுகையிலேயே இறந்துவிட்டார். அவருடைய ஆட்கள் வடக்கே சுண்ணாம்புக்குளம் பக்கம் போய்விட்டார்கள். போகும்போது எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

கப்பித்தான் என்னை மன்னித்ததாகச் சொன்னார். மன்னிப்பு இல்லை அது, வேறு துபாசி கிடைக்கவில்லை. நானும் ஏற்றுக்கொண்டேன். காட்டூரில் எனக்கு நிலத்தில் பங்கு இல்லை. அந்த வாயோடு வேறு எங்கே போவது?

மனைவி காட்டூருக்குப் போனாள். அண்ணனின் முழங்காலில் சீழ் வைத்திருந்தது. அவள் அங்கேயே தங்கி, பச்சிலை வைத்துக் கட்டி, கஞ்சி காய்ச்சினாள். செய்தி அனுப்பியது அவள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவளை வீட்டுக்குள் விட்டார்கள். நானும் தோணியைத் திருப்பச் சொன்னேன் என்று அவள் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாளாம். "சுடுவோம்னு சொன்னது அவன் வாய்தான். எங் காதுல விழுந்தது அவன் கொரல்தான்" என்று சொல்லிவிட்டாராம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கரையில் நின்றிருந்தால் என் காதிலும் அதுதான் விழுந்திருக்கும்.

மறு வருடம் மழைக்காலத்தில் கோட்டைக்குள் காய்ச்சல் பரவியது. பீரங்கிக்காரனும் படுத்தான். பீரங்கி போனதிலிருந்தே அவன் யாரோடும் பேசுவதில்லை. கடைசி நாட்களில் பக்கத்தில் இருக்கச் சொல்லிக் கப்பித்தான் என்னை அனுப்பினார். நான் விரும்பிப் போகவில்லை. அவன் இடைவிடாமல் பேசினான். பறங்கி மொழியில் இல்லை, தன் சொந்த மொழியில். அதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ திரும்பத் திரும்பக் கேட்டான். அம்மாவைக் கேட்டானா, தண்ணீர் கேட்டானா, தெரியாது. தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். சாயங்காலம் இறந்துபோனான். கோட்டைக்கு வெளியே அவர்கள் ஆட்களைப் புதைக்கிற இடத்தில் புதைத்தார்கள். நான் போகவில்லை.

அந்தத் தை மாதம் காட்டூரில் நல்ல விளைச்சல். அங்கேயும் இங்கேயுமாகப் போய்வந்துகொண்டிருந்த மனைவி சொல்லித்தான் தெரியும். ஒருநாள் நானும் போனேன். களத்தில் நெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு காலை மடக்க முடியாமல் நீட்டியபடி நின்று கதிரை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். நான் களத்தின் ஓரத்தில் நின்றேன். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

"இன்னாத்துக்கு வந்தே?"

"பாக்கலாம்னு வந்தேன்."

"பாத்துட்டே இல்ல" என்றார்.

அடுத்த கதிர்க்கட்டை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். நைனா வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை. தூசி பறந்து என் முகத்தில் விழுந்தது. கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் பழவேற்காட்டுக்குத் திரும்பி நடந்தேன். அன்று மதியம் கப்பித்தானுக்கும் நெல் வியாபாரிகளுக்கும் பேச்சு இருந்தது.